காக்பிட்டில் எறும்பு

அத்தியாயம் 4

“எறும்பு எப்படிக்கா ஏரோபிளேன்ல ஏறும்? டிக்கெட் எடுத்தா?” என்று கேட்டாள் மகா.

மங்களம் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேங்காய் பன்னைத் தட்டில் வைத்துவிட்டு, எதிரே நின்ற பச்சைமுத்துவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

ஏர்போர்ட் ரோட்டில், முருகேஷ்பாளையா பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடை அது. பச்சைமுத்து, மயூரா ஏர் கம்பெனியில் விமானம் கழுவுகிற வேலையில் இருப்பவன். ஸ்ரீராம்புரத்தில் மகாவுக்கு அடுத்த சந்து. அவன் சொன்னது இவ்வளவுதான். போன வாரம் ரேடியோ கெட்டுப்போய்த் திரும்பி வந்த விமானம் ஷெட்டில் நின்றது. அதில் பைலட்டுகள் இருவருக்கும் நடுவே இருக்கும் ரேடியோப் பெட்டியைக் கழற்றினார்கள். உள்ளே சாரை சாரையாக எறும்பு. சுத்தம் செய்யத் தெரியாதவன் என்று சூப்பர்வைசர் அவனைத்தான் திட்டினார். அந்தக் கோபம் பச்சைமுத்துவுக்கு இன்னும் ஆறவில்லை.

“காப்பி கொட்டினா நான் துடைக்கிறேன். எறும்புக்கு நானா பொறுப்பு?” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்துப் போனான்.

அவன் போனதும் மங்களத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகாவுக்கு அந்த வெளிச்சம் பழக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துவிட்டு, அல்சூர் மார்க்கெட்டில் ஒரு தையல் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டவள் மங்களம். டைப் அடிக்க வந்தவள் மகா. இப்போது டைப் அடிப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்கிறாள்.

“எறும்பு எதுக்குடி வரும்?”

“சர்க்கரைக்கு.”

“நம்ம எத்திராஜ் எப்படிக் காப்பி குடிக்கிறார்?”

மகா கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள்.

எத்திராஜ் அவர்களிடம் வந்தது முந்தாநாள். வந்தார் என்பதைவிடப் படையெடுத்தார் என்பது பொருத்தம். ஏர்ஃபோர்ஸில் இருபது வருஷம் பெரிய சரக்கு விமானங்கள் ஓட்டி, விங் கமாண்டராக வெளியே வந்தவர். நாற்பத்தொரு வயதில் மயூரா ஏரில் சேர்ந்தபோது கோ-பைலட்டாகத்தான் எடுத்தார்கள். அந்த உலகத்தில் வயதும் அனுபவமும் செல்லாது. சேர்ந்த தேதிதான் சீனியாரிட்டி. நேற்று மீசை முளைத்தவன் ஒரு நாள் முன்னால் சேர்ந்திருந்தால் அவன்தான் முன்னால். அவனுக்குப் பிறகுதான் இவர் கேப்டன் ஆக முடியும். எத்திராஜும் பல்லைக் கடித்துக்கொண்டு வலது சீட்டில் உட்கார்ந்தார். இடது சீட் கேப்டனுடையது.

போன வருஷம் கம்பெனிக்குக் கேப்டன்கள் போதவில்லை. பாதி வயதில் வந்து சேர்ந்தவர்களின் வெளி அனுபவத்தில் பாதியைச் சீனியாரிட்டியில் சேர்ப்பது என்று முடிவு செய்தார்கள். ஒரே நாளில் எத்திராஜ் வரிசையின் தலைக்கு வந்தார். ஐந்து வருஷமாகக் காத்திருந்து தலையில் நின்ற சஞ்சய் என்ற பையன் இரண்டாவது இடத்துக்குப் போனான். அன்றிலிருந்து எத்திராஜோடு யாரும் பேசுவதில்லை. பைலட்டுகளை ஏற்றிப் போகும் வேனில் அவர் பக்கத்து இடம் எப்போதும் காலி. அவர் கார் டயரில் காற்று இறங்கியிருக்கும். வீட்டுக்குப் போன் வரும். எடுத்தால் யாரோ விசில் அடித்து வைத்துவிடுவார்கள்.

போன வாரம் அவருக்குக் கேப்டன் பரீட்சை. கோயம்புத்தூர் போகிற விமானத்தில் அவர் கேப்டனின் இடது சீட்டில். வலது சீட்டில் பரீட்சை எடுக்கும் எக்ஸாமினர் கேப்டன் மைக்கேல்ராஜ். பின்னால் மடக்கு சீட்டில், கோயம்புத்தூரில் டியூட்டி ஏறப் போய்க்கொண்டிருந்த சஞ்சய். நடு வானத்தில் ரேடியோப் பெட்டி மேல் காப்பி கொட்டியது. ரேடியோ செத்தது. விமானம் பெங்களூருக்கே திரும்பியது. எத்திராஜ் தன் காப்பியை நடுப்பக்கமாக வாங்கிக் கொட்டிவிட்டார், கேப்டன் ஆகத் தகுதி இல்லை என்று மைக்கேல்ராஜ் எழுதிக் கொடுத்தார். பார்த்தேன் என்று சஞ்சய் கையெழுத்துப் போட்டான்.

தோற்றவர்கள் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். நாற்பத்தைந்தைத் தாண்டினவர்களைக் கம்பெனி புதிதாகக் கேப்டன் ஆக்குவதில்லை. எத்திராஜுக்கு நாற்பத்து நாலு. நாளைக் காலை விசாரணையில் அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டால், அவர் வேலையை விடும் நாள்வரை வலது சீட்தான்.

“கொட்டினது என் காப்பி இல்ல. நான் ரேடார் பார்த்துட்டிருந்தேன். அந்தப் பையன்தான் பின்னாலிருந்து கொட்டினான். கம்பெனிக்குப் புகார் எழுதிக் கொடுத்துட்டேன். உங்க அபிப்பிராயம் எனக்கு வேண்டாம், நிரூபணம் வேணும்” என்று மங்களத்தின் மேஜையைத் தட்டினார் எத்திராஜ். மகா நீட்டிய காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போட்டதற்காக அவளையும் திட்டிவிட்டுத்தான் போனார். ஏர்ஃபோர்ஸில் சேர்ந்த நாள் முதல் அவர் சர்க்கரையைத் தொட்டதில்லையாம்.

அந்தத் திட்டு இப்போது இனித்தது.

மங்களம் செல்போனை எடுத்து, அன்றைக்கு அந்த விமானத்தில் இருந்த ஏர் ஹோஸ்டஸ் தாரணியைப் பிடித்தாள். தாரணி முதலில் பேசவே பயந்தாள். பிறகு சொன்னாள். மூன்று காப்பி கொண்டுபோனது நிஜம். சர்க்கரை இல்லாதது ஒன்று. இரண்டு ஸ்பூன் போட்டது இரண்டு. சஞ்சய் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் காக்பிட் வாசலிலேயே ட்ரேயை அவனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“முடிஞ்சுது கேஸ். ட்ரே அவன் கையில, சர்க்கரை அவன் காப்பியில, கேப்டன் பதவி அவன் கண்ணுல” என்றாள் மகா.

“சர்க்கரைக் காப்பி ரெண்டுடி” என்று மட்டும் சொல்லிவிட்டு மங்களம் ஸ்கூட்டரில் ஏறினாள்.

சஞ்சய் இந்திரா நகரில், நின்றுகொண்டே சாப்பிடும் ஒரு ஹோட்டலில் கிடைத்தான். அரைக்கை டீஷர்ட், வெயில் கண்ணாடி, மேஜை மேல் செல்போன். அவர்கள் யாரென்று தெரிந்ததும் மசால் தோசையைக்கூட நிறுத்தவில்லை.

“விங் கமாண்டர் அனுப்பினாரா? தனியா வரத் தைரியம் இல்லையா அவருக்கு?”

“அவர் வந்தா உங்க தோசைக்கும் சீனியாரிட்டி கேப்பாரே சார், அதான் எங்கள அனுப்பினார்” என்றாள் மகா.

அவன் அவளை முறைத்தான். பிறகு ஒளிக்காமல் பேசினான். ஆமாம், அவர் தோற்றதில் தனக்குச் சந்தோஷம். தன் அப்பா ஆனேக்கல்லில் நிலத்தை விற்று பைலட் படிப்பு படிக்க வைத்தார். ஐந்து வருஷம் ஒழுங்காக வரிசையில் நின்றான். பென்ஷன் வாங்குகிற மனுஷன் நடுவில் வந்து புகுந்தால் மாலை போட வேண்டுமா என்று கேட்டான். டயரில் காற்றைப் பிடுங்கியது நீயா என்று மங்களம் கேட்டதற்கு, எல்லோரும் முறை வைத்துப் பிடுங்கினோம் என்றான்.

இதற்குள் மகா மூன்று காப்பி வாங்கி வந்திருந்தாள். அவன் பங்கை அவன் செல்போனுக்கு மேலாக நீட்டினாள். அவன் சட்டென்று போனைத் தள்ளி வைத்துவிட்டு, வலது கையைச் சுற்றிக் கொண்டுபோய் டம்ளரை வெளிப்பக்கமாக வாங்கினான்.

“கரண்ட் சாமான் மேல காப்பி நீட்டக் கூடாது. முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தர்றது அது. கேப்டனுக்கு இடது தோள் பக்கமா, கோ-பைலட்டுக்கு வலது தோள் பக்கமா. நடுவுல நீட்டவே கூடாது.”

“அப்ப அன்னைக்கு நடுவுல வந்தது யார் கை?” என்றாள் மங்களம்.

இவ்வளவு நேரம் கேள்விக்குக் கேள்வி சீறியவன், அதற்கு மட்டும் சீறவில்லை. காப்பியைப் பார்த்தான். அறிக்கையில் எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போட்டாகிவிட்டது, போய் அதைப் படியுங்கள் என்றான்.

மகா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது மங்களம் மட்டும் திரும்பிப் போய் அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் உதட்டைப் பிதுக்குவது தெரிந்தது. என்ன சொன்னாய் என்று வழி முழுக்க மகா கேட்டாள். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னாள் மங்களம்.

மைக்கேல்ராஜ் வீடு காக்ஸ் டவுனில். வாசலில் போகன்வில்லா, உள்ளே மேரி மாதா படம், பெரிய சோபா. இந்த வழக்கில் இதுவரை அவர்களை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஐம்பதை நெருங்கும் வயது, கனிவான குரல். மத்தியான வெயிலில், வீட்டுக்குள்ளேயே, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தார். வலது கையில் வாட்ச் கட்டியிருந்தார்.

எத்திராஜைப் பற்றி வருத்தமாகப் பேசினார். நல்ல பைலட்தான், ஆனால் ராணுவத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பயணிகள் விமானத்தின் நாசூக்கு வருவதில்லை என்றார். மங்களம் ஒன்றும் தெரியாதவளைப் போலத் தலையாட்டினாள். எக்ஸாமினர் வேலை கஷ்டமோ என்று கேட்டாள். தனக்கு அதுதான் முதல் பரீட்சை, நாலு வருஷமாக இடது சீட்டைவிட்டு நகராதவன் முதல்முறையாக வலது சீட்டில் உட்கார்ந்தேன் என்று அவர் பெருமையாகவே சொன்னார்.

“எங்களுக்கு சஞ்சய் மேலதான் சந்தேகம் சார். ட்ரே அந்தத் தம்பி கையில இருந்திருக்கு” என்றாள் மங்களம்.

மைக்கேல்ராஜ் சற்று யோசித்தார். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீங்க சொன்னதும் எனக்கும் தோணுது. பின்னாலிருந்து ஒரு கை வந்த மாதிரிதான் இருந்தது. எத்திராஜ்னு அவசரப்பட்டு எழுதிட்டேன். நாளைக்கு விசாரணையில, அந்தப் பையனா இருக்கலாம்னு நானே சொல்றேன். பாவம், எத்திராஜுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்.”

மகாவுக்கு எழுந்து கும்பிடலாம் போலிருந்தது. அதற்குள் அவர் மனைவி காப்பி ட்ரேயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். மங்களம் கண்ணைக் காட்டினாள். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அவள் சொல்லி வைத்திருந்தாள்: காப்பி வந்தால் நீ எடுத்துக் கொடு, அவருக்கு வலது பக்கமாக நின்று கொடு, பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மகா எழுந்து கப்பை எடுத்து அவருடைய வலது தோள் பக்கம் நீட்டினாள். மங்களம் அந்த நேரம் பார்த்து, பாதி வயதில் வந்தவர்களுக்குச் சீனியாரிட்டி தருவது நியாயமா சார் என்று கேட்டாள். அவர் சூடாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், மார்பைத் தாண்டி இடது கையை நீட்டினார்.

கப் மணிக்கட்டில் பட்டதும் ‘ஸ்’ என்று கையை இழுத்துக்கொண்டார். சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் தோல் உரிந்து, மஞ்சள் களிம்பு பூசியிருந்தது.

மகா கப்பைக் கொட்டாமல் பிடித்துக்கொண்டாள். “பெரியவங்க, இடது கையில வாங்குறீங்களே சார். எங்க வீட்ல இப்படி வாங்கினா காப்பி கிடையாது, கரண்டிதான்.”

மைக்கேல்ராஜ் சட்டைக் கையை இறக்கினார். இஸ்திரிப் பெட்டி பட்டது என்றார்.

“இருக்கலாம். ஆனா வாட்சை ஏன் கை மாத்திக் கட்டினீங்கன்னு வந்ததுமே யோசிச்சேன்” என்றாள் மங்களம். “சார், நாலு வருஷமா உங்களுக்கு இடது தோள் பக்கமா காப்பி வருது, இடது கையால வாங்குறீங்க. அது கேப்டனோட பழக்கம், தப்பில்ல. அன்னைக்கு வலது சீட்ல உட்கார்ந்து அதே கையை நீட்டினீங்க. வலது சீட்ல இருக்கிறவருக்கு இடது கைப்பக்கம் என்ன இருக்கு? ரேடியோப் பெட்டி.”

அறையின் கனிவு அத்தனையும் ஒரே நொடியில் வற்றிப்போனது. அவர் மறுக்கவில்லை. மறுப்பதற்குப் பதிலாகப் பேசினார். அந்தக் குரல் வேறு.

“முப்பத்தெட்டு வயசுல இந்தக் கம்பெனிக்கு வந்தேன். அதுக்கு முன்னாடி இன்னொரு கம்பெனியில நான் கேப்டன், தெரியுமா? அது மூடிட்டாங்க. இங்க வந்ததும் கடைசி ஆளா நில்லுன்னாங்க. ஆறு வருஷம் வலது சீட். ஷேவிங் செட் வாங்காத பசங்களை சார் சார்னு கூப்பிட்டேன். என் அனுபவத்துல பாதி வேண்டாம், கால்வாசி யாராவது சேர்த்தாங்களா? இந்த ஆள் மூணு வருஷத்துல கேப்டன் ஆவான், அவனுக்கு நான் பாஸ் போடணும். அதுவும் என் முதல் பரீட்சையில நானே காப்பியைக் கொட்டிட்டேன்னு எழுதிக் கொடுத்து.”

“அதனால அவர் கொட்டினார்னு எழுதினீங்க.”

“எழுதினேன். என்ன செய்வீங்க? விசாரணையில உட்காரப் போறவங்க என்னோட பறந்தவங்க. சாட்சி யாரு, எறும்பா வந்து சொல்லும்?”

“எறும்பு வராது சார்” என்றாள் மகா. ஜன்னல் வழியாகப் போகன்வில்லாவுக்குக் கீழே, ஹோட்டல் வாசலில் பார்த்த அதே கறுப்பு மோட்டார் பைக்கை அவள் அப்போதுதான் பார்த்திருந்தாள். மங்களம் ஹோட்டலில் என்ன சொன்னாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. “ஆனா அதோ, பைக்ல வந்தவர் வருவார்.”

சஞ்சய் வாசற்படியில் நின்றான். திறந்திருந்த கதவுக்கு வெளியே அவன் எவ்வளவு நேரம் நின்றானோ, வெயில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“பின்னாலிருந்து ஒரு கை வந்துதா சார்?” என்று கேட்டான்.

மைக்கேல்ராஜ் அவனை உள்ளே வரச் சொன்னார். அவன் வரவில்லை. அங்கேயே நின்று பேசினான்.

“நான் உங்க வலது தோள் பக்கமாத்தான் நீட்டினேன். உங்க இடது கை நடுவுல வந்து நின்னுது. எக்ஸாமினர் கை. அது தப்பான கைன்னு நான் எப்படி சார் சொல்றது? அடுத்த பரீட்சை எனக்கு, நீங்கதான் எடுப்பீங்க. அந்தக் கையிலயே வெச்சேன். பிளேன் குலுங்கிச்சு, கொட்டிச்சு. எத்திராஜ்னு நீங்க எழுதினதும், எனக்கும் நல்லதுதான்னு கையெழுத்துப் போட்டேன். இப்ப என்னையே கொண்டுபோய்க் கொடுக்கிறீங்க.”

மைக்கேல்ராஜ் அவசரமாக ஏதோ ஆரம்பித்தார். நாளைக்கு உண்மையைச் சொன்னால் எத்திராஜ் உனக்கு முன்னால் போய்விடுவான், பொய்க் கையெழுத்துக்கு உனக்கும் தண்டனை உண்டு, நன்றாக யோசி என்றார். சஞ்சய் யோசித்தான். அவன் யோசித்ததை மகா பார்த்தாள். தாடை இறுகி இறுகித் தளர்ந்தது.

“அந்த ஆள் மூஞ்சியைக் கண்டாலே எனக்கு ஆகாது” என்றான் கடைசியில். “ஆனா அவரு என் முதுகுக்குப் பின்னால பேசல. புகாரை என் பேர் போட்டு எழுதினாரு. நாளைக்கு வர்றேன் சார்.”

பைக் கிளம்பிப் போன சத்தம் காக்ஸ் டவுன் முழுக்கக் கேட்டது.

விசாரணை காலையில் தொடங்கி டிபன் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சஞ்சய் பேசினான். தாரணி சர்க்கரையைப் பற்றிச் சொன்னாள். கம்பெனி டாக்டர் மைக்கேல்ராஜின் மணிக்கட்டைப் பார்த்தார். எக்ஸாமினர் பதவி போனது. சஞ்சய்க்குப் பொய்க் கையெழுத்துக்காக ஒரு வருஷம் பதவி உயர்வு கிடையாது என்றார்கள். எத்திராஜ் தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. மங்களத்திடமும் நன்றி சொல்லவில்லை. இந்த எறும்பை முதல் நாளே பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேறொரு எக்ஸாமினரிடம் அவர் மறுபடி பரீட்சைக்குப் பறந்து, தேறி, கேப்டன் ஆனார்.

அவருடைய முதல் பயணத்தன்று சாயங்காலம் தாரணி போன் செய்தாள். கம்பெனிக்கு என்ன கொழுப்போ, வலது சீட்டில் சஞ்சயைப் போட்டிருந்தார்களாம். இருவரும் வேலைக்கு வேண்டிய வார்த்தையைத் தவிர ஒன்றும் பேசவில்லை. தாரணி காப்பி கொண்டுபோய் எத்திராஜின் இடது தோள் பக்கம் நீட்டினாள். அவரோ மூன்று வருஷம் வலது சீட்டில் உட்கார்ந்தவர். முன்னால் பார்த்தபடியே வலது கையை நடுவில் நீட்டிவிட்டார். ரேடியோப் பெட்டிக்கு நேர் மேலே அந்தக் கை வந்து நின்றது.

“கேப்டன், தப்புக் கை” என்றானாம் சஞ்சய்.

எத்திராஜ் கையை இழுத்துக்கொண்டு இடது கையால் வாங்கினார். திட்டவில்லை. நன்றியும் சொல்லவில்லை. ஆனால் இறங்கி வரும்போது வேனில், அந்தப் பையன் பக்கத்து இடத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எத்திராஜ் அங்கே உட்கார்ந்தார்.

மகா போனை வைத்துவிட்டு மங்களத்தின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அப்ப அன்னைக்கும் எத்திராஜ் கையே நடுவுல போயிருக்கலாமே?”

“போயிருக்கலாம்” என்றாள் மங்களம். “பழக்கம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.”

“பின்ன எதை நம்பி அந்த மனுஷன் பக்கம் நின்னே?”

மங்களம் மேஜை மேல் கிடந்த காலிக் காப்பி டம்ளரை அவள் பக்கம் தள்ளினாள். அடியில் ஒட்டியிருந்த சர்க்கரையைச் சுற்றி, எங்கிருந்தோ வந்த இரண்டு எறும்புகள்.